மூன்றாவது நிரல்

2009 ஏப்ரல் 6, திங்கட்கிழமை. காலையில் வானம் தெளிவாக இருந்தது. வாவியின் மேல் காற்று இல்லை. பத்து மணிக்குள் வெப்பம் முப்பத்து மூன்று பாகையைத் தாண்டியது. இவற்றை முதலிற் குறிப்பதற்குக் காரணம் உண்டு. சூரிய ஒளியால் இயங்கும் கருவியொன்றின் பழுதை ஆராய்பவன் அன்றைய வானத்தை முதலில் எழுத வேண்டும். முகில் இருந்திருந்தால் குற்றத்தை முகிலின் மேற் போட்டுவிடலாம். அன்று முகில் இருக்கவில்லை.

என் பெயர் அருமைநாயகம். அக்காலத்தில் ஆரையம்பதியில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் சூரிய மின் உபகரணங்களைப் பராமரிக்கும் தொழிலைச் செய்துவந்தேன். எமது அலுவலகத்துக்கு நேர் எதிரே, வாவிக்கு அப்பால், படுவான்கரைக் கிராமம் ஒன்றில் சிறிய மருந்தகம் ஒன்று இருந்தது. அக்கிராமத்துக்கு அரச மின்சாரம் வந்து சேரவில்லை. ஆகவே மருந்தகத்தின் கூரையில் நான்கு சூரியத் தகடுகளைப் பொருத்தி, பற்றரிகளை வைத்து, அவற்றின் உதவியால் ஒரு குளிர்சாதனப் பெட்டியை இயக்கினோம். தகடுகளிலிருந்து வரும் மின்னோட்டத்தைப் பற்றரிகளுக்கு அளவாகக் கொடுப்பது மின்னேற்றக் கட்டுப்படுத்தி எனப்படும் சிறு பெட்டியாகும். அப்பெட்டி, இருபதடிக் குழாயின் உச்சியில் நின்ற அன்ரனாவின் வழியே, எமது அலுவலகக் கணினியுடன் பேசியது.

பேசியது என்று எழுதுவது மிகையன்று. கணினியிலிருந்த கண்காணிப்பு மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேள்வி அனுப்பும். கட்டுப்படுத்தி, பற்றரியின் அழுத்தம் இவ்வளவு, குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை இவ்வளவு என்று பதில் சொல்லும். தொடர்ந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் வராவிடின் திரையிலுள்ள பச்சைச் சதுரம் சிவப்பாக மாறும்.

மார்ச் மாதம் முதல் அது நாளுக்கு ஒன்று, இரண்டு தடவை சிவந்துகொண்டிருந்தது. சில வேளை இருபது நிமிடம், சில வேளை ஒரு மணித்தியாலம். பின்னர் தானாகவே பச்சைக்குத் திரும்பும்.

"அருமை அண்ணன், உங்கட பெட்டி திரும்பவும் கோவிச்சிக்கிட்டு இரிக்கி," என்பான் றிப்ஷான். கணினிக்குப் பொறுப்பானவன் அவன். காத்தான்குடியைச் சேர்ந்தவன், என்னிலும் பதினைந்து வயது இளையவன். "சோறு வேணாம், தண்ணி வேணாம், பேச மட்டும் ஏலா எண்டு சொல்லுது. எனக்கு இப்பிடி ஒரு மாமி இரிக்கா."

முகாமையாளருக்கு அது வேடிக்கையாக இருக்கவில்லை. மே மாத நடுப்பகுதிக்குள் துண்டிப்புக்கான காரணத்தை எழுத்தில் நிறுவித் திருத்தாவிட்டால், குளிர்சாதனப் பெட்டியைக் கழற்றி நகரத்துக்குக் கொண்டுசெல்வது என்று அவர் முடிவு செய்தார். கண்ணுக்கு எட்டாத இடத்திலிருக்கும் மருந்தின் குளிர்நிலையை நிரூபிக்க முடியாவிட்டால் அம்மருந்து நம்பத்தகாதது என்பது அவருடைய வாதம். அது சரியான வாதம்.

அன்று குருக்கள்மடத்துத் துறையிற் பாதையேறினேன். பாதை என்பது எங்கள் பகுதியில் ஆட்களையும் வாகனங்களையும் வாவி கடத்தும் தட்டையான மிதவையைக் குறிக்கும். இரு கரையிலும் படையினரின் காவலரண் உண்டு. என் பையிலிருந்த குறடுகளையும் வயர்களையும் இரு கரையிலும் வெளியே எடுத்து விரித்துக் காட்டினேன். வயர் வைத்திருப்பவன் அக்காலத்தில் அதிக விளக்கம் கூற வேண்டியிருந்தது.

மருந்தகத்தின் திறப்பு சீதேவி என்னும் பெண்ணிடம் இருந்தது. கூட்டித் துடைப்பதும், வியாழன்தோறும் வரும் மருத்துவமாதுக்குக் கதவு திறப்பதும், குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக்கொள்வதும் அவளுடைய வேலைகள். அடுத்த வளவில் அவள் வீடு. மகள் விதுர்ஷாவுக்குப் பதினொரு வயது. அப்பிள்ளைக்கு ஏழு வயதிலேயே நீரிழிவு கண்டுவிட்டது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும். மருந்தகத்தில் குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன் தகரக் கூரைக்குக் கீழே மருந்து கெட்டு, அப்பிள்ளை இரு தடவை நினைவிழந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டதாம். இரண்டாந் தடவை பாதை ஓடவில்லை. யாரோ ஒருவரின் தோணியில் கடந்தார்களாம்.

நான் முகாமையாளரின் முடிவைச் சொன்னேன்.

"பெட்டியக் கழட்டப் போறயளா அண்ணன்?"

"காரணம் தெரிஞ்சா கழட்டத் தேவையில்ல, தங்கச்சி."

அவள் விளக்குமாற்றை எடுத்து, ஏற்கெனவே கூட்டியிருந்த இடத்தைத் திரும்பவும் கூட்டத் தொடங்கினாள்.

பழுதறிதல் என்பது சந்தேகங்களை ஒவ்வொன்றாக நீக்குவதாகும். முதலில் பற்றரிகளின் அழுத்தத்தை அளந்தேன். பன்னிரண்டு தசம் ஒன்பது வோல்ட்டு, குறையில்லை. அடுத்து, கட்டுப்படுத்தியிலிருந்து வெளியேறும் வயரின் முனைகளைக் கழற்றிப் பார்த்தேன். உப்புக் காற்றினால் சிறிது பச்சை பூத்திருந்தது, தேய்த்துத் துடைத்தேன். பின்னர் மடிக்கணினியைப் பொருத்தி, கட்டுப்படுத்தி தன்னுள்ளே எழுதி வைத்திருக்கும் பதிவைப் படித்தேன். இக்கருவி பிறருடன் பேச முடியாத வேளையிலும் தனக்குள் நிமிடந்தோறும் எழுதிக்கொண்டே இருக்கும். சிவப்புச் சதுரம் தோன்றிய ஒவ்வொரு வேளையிலும் அது தடையின்றி எழுதியிருந்தது. மின்சாரம் நிற்கவில்லை. மருந்து ஒரு நிமிடமேனும் சூடாகவில்லை. பழுது கட்டுப்படுத்தியில் இல்லை, அன்ரனாவுக்கு அப்பால், றிப்ஷான் ஏற்கெனவே சோதித்திருந்த எமது பக்கத்திலும் இல்லை என்றால், அன்ரனாவிலேயே இருக்க வேண்டும்.

இம்முடிவுக்கு நான் வந்தபோது நேரம் பதினொன்றரை. தூரத்தில், வயல்களினூடே செல்லும் வட்டை வீதியில் கனரக வாகனம் ஒன்றின் ஓசை கேட்டது.

சீதேவி விளக்குமாற்றைச் சுவரிற் சாத்தினாள். ஓடவில்லை, வேகமாக நடந்தாள். குழாயின் அடியிலிருந்த இரண்டு ஆணிகளில் ஒன்றைக் கையாலேயே உருவினாள். குழாய் மற்ற ஆணியில் சுழன்று மெல்லச் சரிந்தது. அதைத் தோளில் தாங்கி, பூசணிக் கொடிகளின் நடுவே படுக்கவைத்து, இலைகளை மேலே இழுத்துவிட்டாள். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. வாகனம் மருந்தகத்தைக் கடந்து சென்றது. அதில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"போன மாசத்தில இருந்துதான் இந்த வழியால போறாங்க. திரும்பி வருவாங்க. அதுக்குப் பிறகுதான் தூக்கி வைப்பன்," என்றாள்.

நான் சிரித்தேன் என்பதை இங்கே எழுத வேண்டும். கோபம் வரவில்லை. ஐந்து வாரமாகத் தேடிய காரணம் பூசணிக் கொடிக்குள் கிடந்தது.

"இவர் பாட்டுக் கேக்கத்தான் தென்னையில ஒரு செப்புக் கம்பியக் கட்டினவர்," என்றாள் சீதேவி. கணவன் கந்தப்போடியைப் பற்றிச் சொல்கிறாள் என்பது எனக்குச் சற்றுப் பின்னரே விளங்கியது. "ரெண்டு வருசத்துக்கு முன்ன. வந்தவங்க கம்பியப் பார்த்திட்டு, இது ஆரோட பேசுது எண்டு கேட்டாங்க. பேசாது, கேக்கும் எண்டு சொன்னாரு. விசாரிச்சிட்டு விடுறம் எண்டுதான் கூட்டிக்கொண்டு போனவங்க." கொடிக்குள் கிடந்த குழாயைக் காட்டி, "உங்கட கம்பி கேக்கிறது மட்டும் இல்ல, பேசவும் செய்யுது எண்டு நீங்கதானே அண்ணன் சொன்னயள்," என்றாள்.

"இதுக்கு அனுமதி எடுத்திருக்கம், புள்ள. கடிதம் கந்தோரில கண்ணாடி போட்டுத் தொங்குது."

"கந்தோர் எங்க, நான் எங்க."

அவள் சொன்னது நியாயம். அலுவலகம் வாவிக்கு மறுகரையில் இருந்தது. அனுமதிக் கடிதத்தின் பிரதியொன்று மருந்தகச் சுவரில் இருந்திருக்க வேண்டும். அன்றே பிரதி கேட்டு முகாமையாளரிடம் போனேன். பழைய கடிதத்தின் தவணை பெப்ரவரியோடு முடிந்துவிட்டது என்றும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றும், விண்ணப்பத்துடன் காரணங்களை விளக்கும் அறிக்கையொன்று இணைத்தால் நல்லது என்றும் அவர் கூறினார். அறிக்கையை எழுத வேண்டியவன் நான்.

இவ்விடத்தில் என்னைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். முப்பத்தொன்பது வயது வரை எனக்கு எழுத்துத் தெரியாது. கல்லடியில் கடற்றொழில் செய்தேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் என் வீட்டையும் மனைவியையும் கொண்டுசென்றது. முகாமாகிய பாடசாலையின் சுவரில், மீட்கப்பட்ட உடல்களின் பட்டியல் ஒன்றை ஒட்டினார்கள். அங்க அடையாளம், அணிந்திருந்த உடை, கண்டெடுத்த இடம், கண்டெடுத்த நேரம் என்று நான்கு நிரல்கள். நான் அதன் முன்னே இரண்டு நாள் நின்றேன். வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். பிறர் வாசித்து அழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்றாம் நாள் ஒருவர் எனக்காக வாசித்தார். பச்சைச் சேலை, இடக்கையில் சுட்ட தழும்பு. அதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள்.

அதே பாடசாலையில் ஆறாம் வகுப்பு விஞ்ஞான நூலை வைத்து எழுத்தைக் கற்றேன். பின்னர் நிறுவனம் நடத்திய பயிற்சியிற் சேர்ந்தேன். ஒரு பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும், நேரம் சரியாகக் குறிக்கப்பட வேண்டும் என்பதில் என்னைப் போல் பிடிவாதமுள்ளவன் எமது அலுவலகத்தில் வேறு எவனும் இல்லை. அதைக் குறித்துப் பெருமையும் கொண்டிருந்தேன்.

எனவே சீதேவியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தேன். குழாயைச் சரிக்கும் ஒவ்வொரு தடவையும் திகதியையும் நேரத்தையும் எழுதும்படியும், சரித்ததன் காரணத்தைப் பக்கத்திற் குறிக்கும்படியும் கேட்டேன்.

"என்னத்துக்கு அண்ணன் இதெல்லாம்?"

"பெட்டியில பிழையில்ல எண்டு நிரூபிக்கத்தான். இது இருந்தா ஒருத்தரும் பெட்டியில கை வைக்கேலாது."

விதுர்ஷா தாயின் பின்னாலிருந்து, "நான் எழுதுறன், அம்மாட எழுத்து நண்டு ஓடின மாதிரி," என்றாள்.

"நீ உன்ட படிப்பப் பாரு. இது என்ட வேல," என்று சீதேவி கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இரண்டு கிழமை எழுதினாள். எழுத்து உண்மையிலேயே நண்டு ஓடியது போல் இருந்தது. ஆனால் ஒரு நிமிடமும் தவறவில்லை. ஏப்ரல் 22ஆம் திகதி கொப்பியிலுள்ளவற்றைப் பிரதி செய்து வந்து, மென்பொருளின் பதிவுடன் ஒப்பிட்டேன். பதினேழு துண்டிப்புகள். பதினேழும் பொருந்தின. அறிக்கையின் பட்டியலை மூன்று நிரல்களாக அமைத்தேன். முதலாவது, இணைப்பு துண்டிக்கப்பட்ட நேரம். இரண்டாவது, மீண்ட நேரம். மூன்றாவது, காரணம். மூன்றாவது நிரலில், சீதேவி எழுதியபடியே, வாகனம் எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை வாகனங்கள், எப்போது திரும்பின என்று முழுமையாக எழுதினேன். பட்டியலின் கீழே, அவதானித்தவர் என்ற இடத்தில் அவளுடைய முழுப் பெயரையும் குறித்தேன். உழைப்புக்குரியவரின் பெயர் விடுபடலாகாது என்று கருதினேன்.

றிப்ஷான் திரையிற் படித்தான். முதற் பக்கத்தில் சிரித்தான்.

"இது ரிப்போட்டா, சோதினை விடையா? 'ஆகவே மேற்கூறியவற்றிலிருந்து தெளிவாவது யாதெனில்.' அல்லாஹ்வே, அண்ணன்."

பட்டியலுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. எழுந்து சென்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அண்ணன், இந்த மூணாவது நிரல வெட்டுங்க."

"ஏன்?"

"அவங்க எப்ப போறாங்க, எப்ப வாறாங்க எண்டு ரெண்டு கிழமைக்கு நேரம் போட்டு எழுதியிரிக்கி. எத்தின வண்டி எண்டும் இரிக்கி. கீழ ஒரு பொம்புளட பேரு இரிக்கி. பக்கத்தில அன்ரனா இரிக்கி. நான் இத வேற ஒருத்தர்ர கண்ணால வாசிச்சிப் பார்க்கன்."

"தலைப்பு இருக்கே. எதுக்கு எழுதினது எண்டு முதற் பக்கத்திலயே விளக்கமாச் சொல்லியிருக்கன்."

"முதல் பக்கம் வாசிக்கிறவன் வேற, அண்ணன். 'ஆள் கழட்டி வைக்கிறதால' எண்டு மட்டும் போடுங்க. போதும்."

"காரணத்த வெட்டினா அது அறிக்கையில்ல, றிப்ஷான். காரணம் எழுதாட்டி முகாமையாளர் பெட்டியக் கழட்டுவாரு."

"அப்ப அவட பேரையாவது எடுங்க."

நான் எடுக்கவில்லை. என் மனத்தில் அப்போது இருந்தது அச்சமன்று. இளையவன் ஒருவன், சிறு வயதிலேயே பள்ளிக்கூடம் போனவன், என் பட்டியலில் கை வைக்கிறான் என்பதே இருந்தது. அவன் மறுபடி சொல்லவில்லை. மதியம் தொழுகைக்குப் போகும்போது மட்டும், வாசலில் நின்று, "யோசிங்க," என்றான். அவன் திரும்பி வருவதற்குள் அறிக்கையை முகாமையாளரிடம் கொடுத்துவிட்டேன். அவர் முதற் பக்கத்தை வாசித்துப் பாராட்டினார். அறிக்கை விண்ணப்பத்துடன் இணைக்கப்பட்டு, ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டது. குளிர்சாதனப் பெட்டியைக் கழற்றும் முடிவு கைவிடப்பட்டது. காரணம் தெரிந்துவிட்டது, இனித் திருத்தம் மட்டுமே எஞ்சியது.

27ஆம் திகதி மீண்டும் வாவியைக் கடந்தேன். குழாயின் அடியிலிருந்த ஆணிகளை அகற்றி, நான்கு தடித்த போல்ட்டுகளைப் போட்டு இறுக்கினேன். சீதேவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இனி இதக் கையால கழட்டேலாதா?"

"ஏலாது. ஸ்பனர் வேணும்."

"அப்ப ஸ்பனரத் தாங்க."

"வேணாம் தங்கச்சி. அனுமதி வருது. நீ கழட்டினா திரும்பவும் சிவப்பு விழும். பெட்டி போகும்."

அவள் மருந்தகத்தின் கதவைப் பார்த்தாள். உள்ளே, குளிர்சாதனப் பெட்டியின் கதவை ஒரு கையாற் பிடித்தபடி, விதுர்ஷா வெப்பமானியை வாசித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நீங்க படிச்ச ஆள். சொன்னாச் சரிதானே," என்றாள் சீதேவி.

அவ்வாறு என்னிடம் அதுவரை எவரும் கூறியதில்லை. ஸ்பனரைப் பையில் வைத்துக்கொண்டு பாதையேறினேன்.

அதன் பின்னர் சதுரம் பச்சையாகவே இருந்தது. வாகனங்கள் நாள்தோறும் மருந்தகத்தைக் கடந்து சென்றன. எவரும் நின்று அன்ரனாவைப் பற்றிக் கேட்கவில்லை. சீதேவிக்கும் மெல்ல மெல்லத் தைரியம் வந்தது. மே மாதத்தின் முதற் கிழமையில், பாதையில் வந்த ஒருவரிடம் எனக்கு இரண்டு பூசணிக்காய் கொடுத்தனுப்பியிருந்தாள். ஒன்றை றிப்ஷானுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். திரையின் பக்கம் திரும்பிவிட்டான்.

மே 19, செவ்வாய்க்கிழமை. வானம் தெளிவு, மேற்கிலிருந்து கச்சான் காற்று சூடாக வீசத் தொடங்கியிருந்தது. வடக்கில் யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி காலை முழுவதும் கூறிக்கொண்டிருந்தது. பிரதான வீதியில் வெடி கொளுத்தினார்கள். ஆரையம்பதியில் கடைகள் பாதி திறந்திருந்தன. எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. றிப்ஷான் வானொலியின் ஓசையைக் குறைத்துவிட்டுத் திரையின் முன் இருந்தான்.

பதினொரு மணி கழிந்து சிறிது நேரத்தில், "அண்ணன்," என்றான்.

சதுரம் சிவந்திருந்தது. கடைசிப் பதில் 10.45க்கு வந்திருந்தது. பற்றரி பதின்மூன்று தசம் இரண்டு வோல்ட்டு. குளிர்நிலை ஐந்து பாகை. குறையொன்றும் இல்லை.

நான் பழக்கத்தின்படி சந்தேகங்களை ஒவ்வொன்றாக நீக்க முயன்றேன். வெயில் இருக்கிறது. பற்றரி நிறைவு. எமது அன்ரனா நிற்கிறது. குழாயை அவளாற் கழற்ற முடியாது. இந்த இடத்துக்கு வந்ததும் என் மூளை நின்றுவிட்டது. அவளாற் கழற்ற முடியாதபடி செய்தவன் நான். பை என் காலடியில் இருந்தது. ஸ்பனர் பைக்குள் இருந்தது.

"போங்க," என்றான் றிப்ஷான். "நான் இஞ்ச பார்த்துக்கிறன். போங்க அண்ணன்."

பாதை அன்று பிற்பகல் இரண்டு மணிக்கே ஓடியது. மருந்தகத்தை அடைந்தபோது மூன்றாகிவிட்டது. குழாய் நடுவில் வளைந்து முறிந்து, பூசணிக் கொடியின் மேல் கிடந்தது. நான்கு போல்ட்டுகளும் அசையாமல் தம் இடத்தில் இருந்தன. உள்ளே வயர்கள் அறுக்கப்பட்டிருந்தன. குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறந்து கிடந்தது.

அயல் வீட்டுக்காரராகிய சாமித்தம்பி என்னை வாசலுக்கு வெளியே நிறுத்தி, மெதுவாகச் சொன்னார். இலக்கத்தகடு இல்லாத வாகனத்தில் நான்கு பேர் வந்தார்களாம். எவரென்று தெரியாது. அவர்களின் கையில் ஒரு தாள் இருந்ததாம்.

"கோடு கீறி, மூணு கட்டம் போட்ட தாள், தம்பி. கொம்பியூட்டரில அடிச்சது. அதப் பார்த்துப் பார்த்துத்தான் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"கொப்பி எங்க எண்டு. அவள் எடுத்துக் குடுத்தாள். இது உன்ட எழுத்தா எண்டு கேட்டாங்க. ஓம் எண்டாள். என்னத்துக்கு எழுதின எண்டு கேட்டாங்க. பெட்டியக் கழட்டாம இருக்கிறத்துக்கு எண்டு சொன்னாள். அவங்களுக்கு அது விளங்கல்ல. வாகனத்தில ஏத்திக்கொண்டு போயிட்டாங்க." முறிந்து கிடந்த குழாயைக் காட்டினார். "வாகனச் சத்தம் கேட்டதும் அந்தக் குழாயடிக்குத்தான் முதல் ஓடினவள். ரெண்டு கையாலயும் புடிச்சி இழுத்தாள். நான் வேலிக்கு இஞ்சால நிண்டு பார்த்தனான்."

விதுர்ஷா அவர் வீட்டுக்குள் சுவரோடு இருந்தாள். அழுது முடிந்திருந்தது.

"அம்மா உங்களக் கேக்கச் சொன்னவ," என்றாள். "கடிதம் வந்திட்டா எண்டு."

நான் மருந்துகளைப் பார்த்தேன். மூன்று இன்சுலின் போத்தல்கள் உடையாமல் இருந்தன. சாமித்தம்பி கொடுத்த மண்பானையில் ஈர மணல் இட்டு, அவற்றை அதனுள் புதைத்து, வாயை ஈரத் துணியாற் கட்டினேன். பின்னர் மடிக்கணினியைக் கட்டுப்படுத்தியிற் பொருத்தி, அதன் உட்பதிவை வாசித்தேன். தகடுகளிலிருந்து வரும் வயர் அறுபடாமல், வெயிலும் விழுந்துகொண்டிருந்ததால் அது இன்னும் தனக்குள் எழுதிக்கொண்டே இருந்தது. கடைசிப் பாதையில் பிள்ளையையும் பானையையும் கொண்டு கரையேறினேன். காவலரணில் பானையை அவிழ்த்து, மணலைக் கிளறிப் பார்த்தார்கள். அன்று தொடக்கம் விதுர்ஷா கல்லடியில் என் தங்கையின் வீட்டில், குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில், வளர்கிறாள்.

சீதேவியைத் தேடி நான் சென்ற இடங்கள் பதினொன்று. பத்து இடங்களில் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். பதினோராவது இடத்தில் ஒரு படிவம் தந்தார்கள். பெயர், வயது, முகவரி, அணிந்திருந்த உடை, கடைசியாகக் கண்ட இடம், கடைசியாகக் கண்ட நேரம். வரிசையில் எனக்கு முன்னே இருந்தவர்கள் நேரம் என்ற இடத்தில் காலை என்றோ பின்னேரம் என்றோ எழுதினார்கள். ஒரு முதியவர் எழுதத் தெரியாமல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடையதை நான் நிரப்பிக் கொடுத்தேன். பின்னர் என்னுடையதை எடுத்தேன். குழாயோடு இணைந்திருந்த வயர் அறுக்கப்பட்ட நிமிடத்தைக் கட்டுப்படுத்தி எனக்குச் சொல்லியிருந்தது. எனவே நான் சரியாக எழுதினேன்: 2009 மே 19, முற்பகல் 10.47.